ஆறு வாரமாக முதுகு வலி

ஊசி போட்டு முடித்ததும் சிஸ்டர் ஷைனி இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் மிச்சத்தைச் சொன்னாள். இனி ஒரு மணி நேரம் பேசக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது, போன் கூடாது, புத்தகம் கூடாது, காலை ஆட்டக்கூடாது. உடம்பில் எந்தத் தசை வேலை செய்கிறதோ அங்கே மருந்து போய்ச் சேர்ந்துவிடும், ஸ்கேன் படத்தில் அந்த இடம் வெளிச்சமாக விழும், எது நோய், எது வெறும் அசைவு என்று பிரிக்க முடியாமல் போய்விடும். பாட்டிலில் இருக்கிற தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். "ஒண்ணும் யோசிக்காம ரெஸ்ட் எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கனமான கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனாள். சாரதாமணி தலையைக்கூட ஆட்டவில்லை. கழுத்தும் தசைதானே. யோசிப்பதற்கு எந்தத் தசை என்று அந்தப் பெண் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதையும் அசையாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கலாம். மற்ற நேரமாக இருந்தால் ஊசி போடுகிறவர்கள் போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்கள், ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். இவள் தள்ளிப் போனது மருந்தில் கதிர்வீச்சு இருப்பதால்தான். அதை முன்பே சொல்லிவிட்டார்கள், ஊசியை ஈயப் பெட்டியிலிருந்து எடுத்ததையும் கண்ணால் பார்த்தாயிற்று. இருந்தாலும் போகிறபோது அந்த 'அம்மா'வில் ஒரு குழைவு இருந்தது. காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தபோது அந்தக் குழைவு இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், ஒன்றுதான் நடந்தது. சிஸ்டர் பைலைப் பிரித்துப் படித்தாள். பைலில் அந்த வரி இருக்கிறது.

அந்த வரி இன்சூரன்சுக்காக எழுதியது. அப்படித்தான் சொன்னார்கள். காலை ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் செல்வின் என்கிற ஆள், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் அட்டை, கண்ணில் தூக்கம், அவளுடைய வீட்டுக்காரர் திருமலைசாமியிடம் நிதானமாக விளக்கினார். கேன்சர் வந்து குணமானவர்கள் வருஷா வருஷம் செய்துகொள்ளும் சோதனைக்கு இவர்களுடைய பாலிசியில் இடமில்லை. நோய் இருந்தால் உண்டு, நோய் போய்விட்டதா என்று பார்க்கக் கிடையாது. வெறும் சோதனைக்கென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் கிடையாது. அதனால் ஒரு நாள் சேர வேண்டும், சேர்வதற்கு உடம்பில் ஒரு தொந்தரவு இருக்க வேண்டும், தொந்தரவுக்குப் பின்னால் ஒரு சந்தேகம் இருக்க வேண்டும். எல்லாருக்கும் இப்படித்தான் போடுகிறோம், டாக்டருக்கும் தெரியும் என்றார். பிறகு சாரதாமணியை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா நல்லா இருக்காங்க சார், அதான் பிரச்சினையே" என்றார். திருமலைசாமி சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்தபோது முதுகில் சுருக்கென்றது, சிரிப்பைப் பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சிரித்து முடித்தாள். ஆங்கிலத்தில் இருந்த பாரத்தைக் கையெழுத்துக்காக வீட்டுக்காரர்தான் பிடித்துக் காட்டினார். அவர் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவர், வார்னிஷ் ஏறிய அந்தக் கறுத்த கட்டைவிரல் காகிதத்தில் ஒரு வரியின் மேல் இருந்தது. இங்கே போடு, இங்கே போடு என்று மற்ற விரலால் காட்டினாரே தவிர கட்டைவிரலை எடுக்கவில்லை. மில் ஆபீசில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவளுக்கு விரல் இருக்கும் இடத்தைத்தான் முதலில் படிக்கத் தோன்றும். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். விரல் நகர்ந்தது. ஆறு வாரமாக முதுகு வலி. நோய் திரும்பியிருக்கலாம் என்ற சந்தேகம். படித்தாள், கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடிச் செல்வினிடம் கொடுத்தாள்.

அது இன்சூரன்சுக்கு எழுதிய வலி. அப்படியானால் நிஜ வலியை எங்கே எழுதுவது. அறை குளிர்ந்து கிடந்தது. சாய்வு நாற்காலி, கம்பளி, மூலையில் ஒரு கேமரா, அதற்குக் கீழே சின்ன ஸ்பீக்கர். கேமராவின் கண் அவளையே பார்த்தது, அதன் வேலை அது. முதுகெலும்புக்கு வலப்பக்கம், ரவிக்கை முடிகிற இடத்துக்கு நாலு விரல் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அந்த வலி உட்கார்ந்திருந்தது. ஆட்டுக்கல்லிலிருந்து மாவை வழித்து நிரப்பிய போசியைத் தூக்கிய ஒரு திங்கட்கிழமை அது வந்தது. தூக்கியதால் வந்தது, இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. தைலம் தேய்க்கலாம் என்றால் வாசனை வரும், வாசனை வந்தால் கேள்வி வரும். மருந்துக் கடையில் கேட்டு ஒட்டிக்கொண்ட வலிப் பட்டையைக் குளிக்கும்போது உரித்துக் காகிதத்தில் மடித்துத் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் சாப்பிடுகிற மாத்திரை எலும்பை அரிக்கும், மூட்டு வலி வரும் என்று கேன்சர் டாக்டர் அருணகிரியே முதல் வருஷம் சொல்லியிருக்கிறார். ஆக மாத்திரைதான். மாத்திரை என்றால் உடம்பு முழுக்க அல்லவா வலிக்க வேண்டும், காசு அகலத்துக்கு மட்டும் ஏன். மாத்திரைக்கு என்ன தெரியும், அது எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யும். சரி, மாத்திரைதான். இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை முடிவு செய்வாள், நாலு தடவையும் முடிவு நிற்கும், இரவு வலது பக்கம் புரளும்போது மறுபடியும் கேள்வியாகிவிடும். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, ஓசூரில் ஆறு மாதக் கர்ப்பத்தோடு இருக்கிற மகள் நவீனாவிடம் சொல்லவில்லை, டாக்டர் என்னம்மா தொந்தரவு என்று கேட்டபோது ஒன்றுமில்லைங்க என்றாள். இப்போது யாரிடமும் சொல்லாத வலி அச்சடித்த பாரத்தில் மூன்றாவது வரியில் இருக்கிறது.

எப்படி வந்தது என்பதை விடு, யாருக்குத் தெரியும் என்பது முதல் கேள்வி. செல்வினுக்குத் தெரிய வழியில்லை, அவர் இன்று காலைதான் அவளைப் பார்த்தார். வாய்க்கு வந்ததைப் போட்டிருப்பார், முதுகு வலி இல்லாத ஆள் யார் இருக்கிறார்கள். ஆனால் அவர் போடவில்லை. அதை இப்போது நிறுத்தி யோசிக்க வேண்டும். செல்வின் கேட்டார், என்ன தொந்தரவுன்னு போடலாம் சார் என்று. கேட்டு வாய் மூடுவதற்குள் வீட்டுக்காரர் முதுகு வலி என்றார். திருமலைசாமி அப்படிப்பட்ட ஆள் இல்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்கிற விவசாயிக்குப் பதில் சொல்ல அவர் மூடியைக் கழற்றி, உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து, கம்பியைச் சுரண்டி, கையைத் துடைத்து, அப்புறம்தான் வியாழக்கிழமை என்பார். சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால் இரண்டு கவளம் போன பிறகு பதில் வரும். அந்த மனுஷன் கேள்வி முடியும் முன்னே முதுகு வலி என்றால் அது முன்பே வாயில் இருந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கும் ஆறு வாரம் என்றார். ஒரு மாசம் என்று சொல்லியிருக்கலாம். ரெண்டு மாசம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்கிறவர்கள் மாசத்தில்தான் சொல்வார்கள். ஆறு வாரம் என்பது எண்ணிச் சொல்கிற கணக்கு. யார் எண்ணியது. டாக்டர் அருணகிரியா. டாக்டர் ரத்தப் பரிசோதனையில் எதையாவது பார்த்து, அதை அவளிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து இன்சூரன்ஸ் என்று ஒரு பேரை வைத்து அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தால்.

அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான். செய்தவர்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பு இடது மார்பில் வந்தது கொழுப்புக் கட்டி என்றார்கள். வீட்டுக்காரர் சொன்னார், அவருடைய தங்கை சொன்னாள், நவீனா காலேஜில் பரீட்சை இருக்கிறது என்று போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். பெண்ணுக்குச் சிரிப்பு அப்படி வராது, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆப்பரேஷனுக்கு முதல் நாள் வார்டில் படுத்திருந்தபோது ஒரு சிஸ்டர் இன்சூரன்சிலிருந்து அனுமதி வந்துவிட்டது என்று ஒரு தாளைக் கொண்டுவந்து, பைல்ல வெச்சுக்குங்கம்மா என்று அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி, ரிப்போர்ட்டை ஒளித்து, டாக்டரிடம் சொல்லிவைத்து, கேன்டீனில் நின்று அழுது முகம் கழுவிக்கொண்டு வந்து காத்த ரகசியத்தை இன்சூரன்ஸ்காரன் ஒரு வரியில் தட்டச்சு அடித்து அனுப்பியிருந்தான். கார்சினோமா. அந்தச் சொல்லுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தாளை மடித்துப் பைலில் வைத்தாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் தனக்குத் தெரியும் என்பதை அவள் யாருக்கும் காட்டவில்லை. அன்று சாயங்காலமே அவர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது கட்டியை எடுத்தாச்சுன்னா எல்லாம் சரியாயிருமுங்க என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விதைகளைப் பொறுக்கினார். ஆக வாய் பொய் சொல்லும், காகிதம் உண்மை சொல்லும். அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் அது. இன்றைக்கு அதே வாய் இது சும்மா இன்சூரன்சுக்கு என்கிறது, அதே மாதிரிக் காகிதம் நோய் திரும்பியிருக்கலாம் என்கிறது. எதை நம்புவது என்று இன்னொரு தடவை பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் காகிதம் பொய் சொல்லும் என்பதும் அவளுக்குத் தெரியும், எழுதியவளே அவள்தானே. மில்லில் ஒவ்வொரு ஷிப்டு முடிந்ததும் எந்த மிஷின் எத்தனை நிமிஷம் நின்றது என்று ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். கடைசிக் கட்டத்துக்குப் பேர் காரணம். ஆள் வராததால் நின்றிருக்கும், மேஸ்திரி தூங்கிப்போனதால் நின்றிருக்கும், ஆறு மாதமாகக் கேட்ட ஸ்பேர் வாங்கித் தராததால் நின்றிருக்கும். சூப்பர்வைசர் மாணிக்கவாசகம் மேஜை ஓரத்தில் நின்று டீயை உறிஞ்சிக்கொண்டே, ஈரப்பதம்னு போட்டுக்கம்மா என்பார். காற்றில் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் நூல் அறும், அது உண்மைதான், எந்த முதலாளியும் காற்றுக்கு மெமோ கொடுக்க முடியாது. ஈரப்பதம், ஈரப்பதம், ஈரப்பதம் என்று மூன்று ரிஜிஸ்டர் நிறைந்தது. ஒரு கோடையில் ஈரக்காற்று விடுகிற பிளான்ட் நிஜமாகவே பழுதாகிவிட்டது. பஞ்சு முறுமுறுவென்று காய்ந்து நூல் அறுந்து அறுந்து விழுந்தது. அன்றைக்கும் அவள் அதே சொல்லைத்தான் எழுதினாள், வேறு சொல் இல்லை. இன்ஜினீயர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், சிரித்தார், இனிஷியல் போட்டார், போய்விட்டார். பதினோரு நாள். லோடு லோடாக நூல் திரும்பி வந்த பிறகு மாணிக்கவாசகத்தைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். எழுதித்தானுங்க இருக்குது என்றார் அவர். எழுதித்தான் இருந்தது. அதுவும் பதினோரு நாள், இதுவும் பதினோரு நாள் என்று இப்போது தோன்றியது. சும்மா தோன்றியதுதான், இரண்டையும் முடிச்சுப் போட ஒன்றுமில்லை. பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். விழுங்குவதும் தசைதான், ஆனால் அதற்கு அனுமதி உண்டு.

அனுமதி என்றதும் நினைவு வந்தது, இன்னும் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அனுமதி வரவில்லை. காலையில் ஒரு கேள்வி வந்ததாகச் செல்வின் சொன்னார், இது வெறும் சோதனைக்கான சேர்க்கையா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, வலிக்குச் சிகிச்சை என்று பதில் போட்டு, அதற்கு ஆதாரமாக உப்புத் தண்ணீர் ஒரு பாட்டில் அவள் கையில் ஏற்றினார்கள். கம்பெனி டாக்டர் போன் பண்ணலாம், ஆளே நேரில் வந்தாலும் வரலாம் என்றார் செல்வின். வந்தால் அம்மா கொஞ்சம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தால் தேவலை, முகத்தையும் லேசாகச் சுளித்துக்கொண்டால் நல்லது. வார்டில் படுக்கைக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் அதையே திருப்பிச் சொன்னார். "கேட்டா ஆறு வாரமுன்னு சொல்லோணும், மறந்துறாத. மொகத்தக் கொஞ்சம் சுளிச்சுக்க." இத்தனை நாளாக எழும்போதும் உட்காரும்போதும் முகம் சுளியாமல் இருக்க அவள் பட்ட பாடு. பாத்ரூமிலிருந்து வெளியே வருவதற்கு முன்பு கண்ணாடியில் முகத்தைச் சரி பார்த்துக்கொண்டு வருவாள். இப்போது அதே முகத்தைச் சுளிக்கச் சொல்கிறார்கள். ஒரு தடவை செய்து காட்டினாள். அது வலி மாதிரியே இல்லை, புளிப்பு மாங்காய் தின்ற மாதிரி இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரி சிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கவுண்டரில் சிரித்த மனுஷன் வார்டில் சிரிக்கவில்லை. அவளுடைய முகத்தை, ரிப்பேருக்கு வந்த மோட்டாரைப் பார்ப்பது போல், சத்தத்தைக் கேட்கிறவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஸ்கேனே சந்தேகத்துக்கு இடமானது. நாலு வருஷமாக மார்புக்கு ஒரு படம், வயிற்றுக்கு ஒரு படம், ரத்தம், அவ்வளவுதான், கைக்காசைக் கொடுத்துச் செய்துகொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சோமனூர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த வருஷம் ரிப்போர்ட் வாங்கி வருகிறேன் என்று அவர் தனியாக டாக்டர் அறைக்குள் போனார். நீ நிக்க வேண்டாம், கால் வலிக்கும், உக்காரு என்றார். கால் வலி என்று அவள் சொன்னதே இல்லை. கால் மணி நேரம் கழித்து வந்து, அஞ்சு வருசம் ஆச்சல்லோ, ஒருக்கா முழுசாப் பாத்துறலாங்கறாரு டாக்டரு என்றார். கால் மணி நேரம் ஆகுமா அந்த ஒரு வாக்கியத்துக்கு. நவீனா வருகிறேன் என்று சொல்லவே இல்லை, கேட்டால் இந்த ஊசி போட்டவர்கள் பக்கத்தில் கர்ப்பிணி வரக்கூடாது என்றாள். வரக்கூடாதுதான், அறைக் கதவில் படம் போட்டே ஒட்டியிருக்கிறது. ஆனால் அவளுக்கு அது எப்படி முன்பே தெரியும், யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், இவர்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை பேசிக்கொண்டார்கள். இன்னொன்று, மிக்சி. மேல் பலகையில் இருந்த மிக்சியைக் கீழே இறக்கி அடுப்பு மேடையில் வைத்தது அவர். ஏனுங்க என்று கேட்டதற்குப் பிளக் லூசா இருக்குது என்றார். தண்ணீர் டிரம்மை நகர்த்தினார். கடையிலிருந்து மத்தியானமே வந்து மாவுப் போசியைத் தூக்கி வைத்தார். கொழுப்புக் கட்டி என்று சொன்ன அந்த மாதமும் இப்படித்தான், கேட்காமலே வேலை செய்தார். இவருக்கு அன்பு வந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

கை தானாக முதுகுப் பக்கம் போயிருக்க வேண்டும். "அம்மா, கைய எடுங்க, அசையாம இருங்க" என்று ஸ்பீக்கரில் ஷைனியின் குரல் வந்தது. திடுக்கிட்டுக் கையை மடியில் வைத்தாள். பார்த்துவிட்டாள். கம்பளிக்குள் போன கையை அந்தக் கண்ணாடிக் கண் பார்த்துவிட்டது. எத்தனை தடவை போனது என்று தெரியவில்லை. வீட்டிலும் இப்படித்தான் போயிருக்கும், அங்கே ஸ்பீக்கர் இல்லை, அவ்வளவுதான். சாம்பார் கொதிக்கும்போது, டிவி பார்க்கும்போது, கோவிலில் வரிசையில் நிற்கும்போது. ஆனால் கை போவதைப் பார்த்தவர் வலி என்று சொல்வார், ஆறு வாரம் என்று எப்படிச் சொல்வார். மோட்டார் கடை வைத்திருக்கிறவருக்கு நாள் கணக்கு ஏது. கணக்கு வைத்தவள் அவள்தான். அதுவும் எங்கே வைத்தாள், யாருக்கும் புரியாத இடத்தில், சமையலறை மாதக் காலண்டரில், பால் எத்தனை என்று எழுதுகிற கட்டத்தின் மூலையில், வலி இருந்த நாளுக்கு ஒரு பேனாப் புள்ளி. கடுகளவு புள்ளி. பேனா தெறித்தது என்று நினைக்கலாம், ஈ என்று நினைக்கலாம். முதல் வாரம் போட்டாளா. போடவில்லை. போய்விடும் என்று நினைத்த வாரத்துக்கு ஏது புள்ளி. இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்துதான் போட்டாள், ஒரு நாள் விடாமல், நேற்று வரை.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஏசிக் காற்று மட்டும் கம்பளியின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. புள்ளிகள் ஆறு வாரம். பாரத்தில் ஆறு வாரம். பால் அளவை அவர் எழுத மாட்டார், அந்தக் காலண்டர் பக்கமே போக மாட்டார், அமாவாசை என்றைக்கு என்று அவளைத்தான் கேட்பார். போயிருக்கிறார். ஒரு நாள் அவள் குளிக்கும்போதோ கடைக்குப் போனபோதோ அந்தக் கறுத்த கட்டைவிரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எண்ணியிருக்கிறார். அது உண்மையானால் டாக்டர் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவர்தான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார், கால் மணி நேரம் அதற்குத்தான் ஆகியிருக்கிறது. என் பொண்டாட்டி வலியை மறைக்கிறாள், கேட்டால் இல்லை என்பாள், வேறு எதையாவது சொல்லிக் கூட்டிவருகிறேன் என்று. அவளிடம் உனக்கு வலிக்கிறதா என்று கேட்க முடியாமல் இன்சூரன்ஸ் பாரத்தில் எழுதிக் கேட்டிருக்கிறார். விரலை அதன் மேல் வைத்தது மறைக்கவா, காட்டவா. அல்லது இதெல்லாம் அவளாகக் கட்டுகிற கதை. ஆறு என்பது வாய்க்கு வந்த எண். அவர் காலண்டரைப் பார்க்கவே இல்லை, டாக்டர் சொன்னதைச் சொல்கிறார், உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அவள் ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்பு ஆரஞ்சு உரித்த கை இது, நம்பலாமா. அவர் மட்டும் அவளை நம்பலாமா, ஒன்றுமில்லைங்க என்று அத்தனை நாளும் சொன்ன வாயை. இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே வலியை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, உப்பு சரியா, சரி, என்று சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள்.

கதவு திறந்தது. ஷைனி தள்ளி நின்றபடியே பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி, பிறகு நீளமான வழியில் முன்னால் நடந்தாள். வழியின் கடைசியில் தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட வந்தவர்கள். திருமலைசாமி நின்றுகொண்டிருந்தார். கோட்டைத் தாண்டவில்லை, செருப்பு நுனி சரியாகக் கோட்டில் இருந்தது. அவளுடைய வளையலும் தோடும் இருந்த பிளாஸ்டிக் கவர் சட்டைப் பையில் பிதுங்கியது. அவர் இடது கையை விரித்து ஐந்து விரலைக் காட்டினார், பக்கத்தில் வலது கையின் அந்தக் கறுத்த கட்டைவிரலை நிமிர்த்தினார். ஆறு. மறந்துவிடாதே என்று கண்ணால் ஒரு அழுத்து அழுத்தினார். கண் சிவந்திருந்தது, காலை ஐந்து மணிக்கு எழுந்த கண் அப்படித்தான் இருக்கும். வேறு காரணமும் இருக்கலாம். அவள் நடந்து போனாள்.

ஸ்கேன் அறையில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி, பைலை விரித்துப் பேனாவோடு நின்றாள். பெயர், வயது, எந்தப் பக்கம் ஆப்பரேஷன், எத்தனை கீமோ, ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் போட்டாள். ஒரு மணி நேரம் மூடியிருந்த வாய், முதல் பதில் கரகரவென்று வந்தது. மூன்றாவது வரிக்கு வந்ததும் டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். வெளியே போகாது, பயப்பட வேண்டாம், ஆனால் தனக்குத் தெரிய வேண்டும் என்றாள். இங்கே வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு முதுகு வலி என்றுதான் எழுதி வருகிறது, எல்லாரையும் நம்பிக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. பேனா முனை அந்த வரியின் ஓரத்தில், டிக் போடவோ அடித்துவிடவோ தயாராக நின்றது. "இதும் கிளெய்முக்கு எழுதினதுதானேம்மா? நெஜமா வலியெல்லாம் இல்லையே?"

இல்லை என்றால் போதும். பேனா ஒரு கோடு இழுக்கும், சிரிப்பு, இனிஷியல், அடுத்த ஆள். இருக்கிறது என்றால் இந்தப் பெண் அந்தக் காசு அகல இடத்தைத் தேடுவாள், தேடினால் எதையாவது கண்டுபிடிப்பாள், கண்டுபிடித்ததை முதலில் யாரிடம் சொல்வாள். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடமா. மூன்று ரிஜிஸ்டர் நிறைய எழுதிய சொல் நினைவுக்கு வந்தது. எழுதித்தானுங்க இருக்குது.

"இருக்குதுங்க" என்றாள்.

டாக்டரம்மா பேனாவை அந்த வரியிலிருந்து எடுத்தாள். எங்கே என்று கேட்டாள். சாரதாமணி கையைப் பின்னால் கொண்டுபோய், தேடாமல், விரலை அந்த இடத்தில் வைத்தாள். டாக்டரம்மா சுற்றி வந்து, சிஸ்டரைப் போலத் தள்ளி நிற்காமல், அந்த விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு பைலைப் பார்த்து, ஆறு வாரமாக என்று போட்டிருக்கிறதே, சரிதானா என்றாள்.

"ஏழு" என்றாள் சாரதாமணி. "மொத வாரம் யாருக்குந் தெரியாதுங்க."

டாக்டரம்மா ஆறை அடித்துவிட்டு, மேலே ஏழு என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். காரணம் என்கிற கட்டத்தில் யாரும் அடித்துத் திருத்தி இருபத்தாறு வருஷத்தில் சாரதாமணி பார்த்ததில்லை. மேஜையில் படுக்கச் சொன்னார்கள், படுத்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். வலித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.